பென்சில் கெர்லாக் டிக் போட்ட மூன்று நாட்கள்

ரேலீனின் காதில் அவன் பெயர் முதன்முதலாக விழுந்தது ஒரு ரேடியோவில். அடிலெய்டுக்கு வடக்கே, எண்பத்தெட்டாம் வருஷம், ஆகஸ்ட் மாதக் குளிர். நெடுஞ்சாலையோரச் சாப்பாட்டுக்கடையான வில்லரூ ரோட்ஹவுஸின் சமையற்கட்டில் அவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். கல்லாவுக்கு மேலே இருந்த ரேடியோவில் நெடுஞ்சாலை லாரிக்காரர்களின் பேச்சு எந்நேரமும் கரகரத்துக்கொண்டிருக்கும். யாருக்கு டயர் வெடித்தது, எங்கே போலீஸ் நிற்கிறது, எந்த ஊர்க் கடையில் மீட் பை ஆறிப்போய்க் கிடக்கிறது என்று எல்லாமே அதில் வரும்.

"பென்சில் பின்னால வந்துட்டிருக்கான். வில்லரூல யாராவது ஒரு ரப்பர் எடுத்து வைங்க" என்றது ஒரு குரல். நாலு லாரிகளிலிருந்து நாலு பேர் சிரித்தார்கள்.

அரைமணி கழித்துக் கோதுமை லாரி ஒன்று வந்து நின்றது. ஒடிசலான, நெட்டையான பையன் இறங்கினான். அவன் முழுப்பெயர் ரோலண்ட் கெர்லாக். லாரி ஓட்ட ஆரம்பித்த முதல் மாதத்தில் லாக் புக்கைப் பென்சிலால் எழுதியிருக்கிறான். எத்தனை மணி ஓட்டினோம், எத்தனை மணி ஓய்வெடுத்தோம் என்று மை பேனாவில் எழுதவேண்டிய புத்தகம் அது. போர்ட் அகஸ்டா சோதனைச் சாவடியில் அதைப் பார்த்த அதிகாரி அபராதச் சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் முப்பது வருஷம் அவன் மை பேனாவைத் தவிர வேறெதையும் கையில் தொடவில்லை. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

அன்றைக்கு அவன் சாப்பிட்டு முடித்து உடனே வண்டி ஏறவில்லை. லாரியையும் இரண்டு ட்ரெய்லர்களையும் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரமாக நின்று, நடுவில் இருக்கும் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ரேலீன் குப்பை கொட்டப் போகிற சாக்கில் வெளியே வந்தாள்.

"என்ன, உடம்பு சரியில்லையா அதுக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் தொடறேன்" என்றான்.

மறு வருஷம் ஏப்ரலில் லூத்தரன் கோயிலில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

ரேலீன் நோஸ்கி வீட்டுப் பெண். ஹில்டா நோஸ்கிக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவள் ரேலீன். நடுவில் உள்ள மூன்று பேரும் சுரங்கம், கடற்படை, மாப்பிள்ளை ஊர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கடைசிப் பையன் கெல்வின், ரேலீனுக்குப் பதினாலு வயது இளையவன். அவனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது ஹில்டா போய்ச் சேர்ந்தாள். அந்த வாரமே ரோலண்ட் பின்கட்டு அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஒரு கட்டிலை வாங்கிப் போட்டான். தங்களுக்குப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு கெல்வின்தான் அந்த வீட்டுப் பிள்ளை. கால்பந்து பூட்ஸ், பல் டாக்டர், பள்ளிக்கூடத்தில் செய்த வம்புக்கு மன்னிப்புக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் ரோலண்ட்தான் அலைந்தான். பையன் படிப்பில் சோடை, ஆனால் இயந்திரத்தில் கை ஓடுகிறது என்று தெரிந்ததும், தான் ஓட்டும் லாரிக் கம்பெனியான லாண்ட்ரிகன் யார்டில் மெக்கானிக் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவனே. முதலாளி மரே லாண்ட்ரிகனிடம் அவன் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அந்த ஒன்றைக் கேட்டான்.

லாண்ட்ரிகன் யார்டில் பதினெட்டு லாரிகள். தினமும் காலையில் வாசலைத் தாண்டுவதற்கு முன் டிரைவர் ஒரு தாளை நிரப்ப வேண்டும். டயர், விளக்கு, பிரேக், சக்கர நட்டு, ஹப் என்று வரிசையாக இருபத்திரண்டு கட்டங்கள். சரியாக இருந்தால் டிக், சரியில்லை என்றால் பெருக்கல் குறி, கீழே கையெழுத்து. அடியில் உள்ள நகல் ஒன்று ஆபீசுக்கும் ஒன்று ஒர்க்ஷாப்புக்கும் போகும். ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி விழுந்துவிட்டால், மெக்கானிக் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அந்த வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. சட்டம் அப்படி. யார்டின் வழக்கமோ வேறு. எல்லாக் கட்டத்திலும் சரசரவென்று டிக் போட்டுவிட்டு, கோளாறு இருந்தால் ஒர்க்ஷாப் வாசலில் நின்று, "மூணாம் நம்பர்ல பிரேக் இழுக்குது, சாயங்காலம் பாத்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வாயால் எழுதுவது என்று அதற்குப் பேர். தாளில் எழுதினால் வண்டி நிற்கும், வாயால் எழுதினால் வண்டி ஓடும். பாதுகாப்பு வேலைக்கென்று வந்த ப்ரான்வின் என்ற பெண், சின்னக் கோளாறையும் எழுதுங்கள், எழுதினால் யாரும் திட்டமாட்டார்கள் என்று கூட்டம் போட்டுச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு அவள் கொண்டுவந்த கேக்கைத் தின்றார்கள்.

வாயால் எழுதாதவன் ரோலண்ட் ஒருவன்தான். விளக்குக் கண்ணாடியில் கீறல் என்றாலும் பெருக்கல் போடுவான். அவன் வண்டி அரைமணி பிந்திப் புறப்படுவது யார்டில் ஒரு கேலி. "பென்சில், மழை வர்ற மாதிரி இருக்கு, அதையும் ஷீட்ல எழுதிட்டியா?" என்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான். ஆபீஸ் தாள் போதாதென்று சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டும் வைத்திருப்பான். எந்த ஊரில் நிறுத்தினோம், எந்த ஹப் சூடு, எந்த டயர் காற்று குறைச்சல் என்று அதில் அவனுக்காக எழுதிக்கொள்வான். பழைய நோட்டுகளை ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பான்.

இரண்டாயிரத்துப் பதினாறு அறுவடையின்போது, நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கெல்வின் குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். ரேலீன் ஆட்டுத்தொடையும் உருளைக்கிழங்கும் சுட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஜோடி என்கிற கெல்வினின் மனைவி இரண்டு பிள்ளைகளையும் தண்ணீர்க் குழாயில் விளையாட வெளியே கூட்டிப்போனாள். மேஜையில் மூன்று பேர் மிச்சம்.

"ரோலி, பின் ட்ரெய்லர்ல ஏதோ சூடுன்னு நேத்து சொன்னியே" என்று கெல்வின் ஆரம்பித்தான்.

"கடைசி அச்சு, வலது பக்க ஹப். மத்ததை விட நல்லாவே சுடுது. பேரிங் போவப்போவுது. நாளைக்குக் காலைல ஷீட்ல போட்டுடறேன்."

"போடாதே."

ரோலண்ட் முள்கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தான். கெல்வின் விஷயத்தை மெல்ல மெல்ல வெளியே எடுத்தான். அதே ஹப்பைச் சரி செய்துவிட்டதாகப் பத்து நாளைக்கு முன்னால்தான் அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். வியாழக்கிழமை வெளியிலிருந்து ஆடிட்டர் வருகிறார். யார்டுக்கு இருக்கும் பராமரிப்புச் சான்று தொடருமா இல்லையா என்பது அந்த ஆடிட்டர் கையில். அவன் கையெழுத்துப் போட்ட பத்தே நாளில் அதே ஹப்புக்குப் பெருக்கல் குறி விழுந்தால் அவன் கதை முடிந்தது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்று மரே செப்டம்பரிலேயே சொல்லியிருந்தான்.

"நீ அதைச் சரி பண்ணினியா?" என்று ரோலண்ட் கேட்டான்.

"கிரீஸ் அடிச்சேன். பேரிங் கையில இல்ல. புதுசு அடிலெய்டுலேருந்து புதன்கிழமை பஸ்ல வருது. சனிக்கிழமை சத்தியமா மாத்திடறேன் ரோலி."

"அப்ப அதுவரைக்கும் ட்ரெய்லரை நிறுத்து."

"அறுவடை நேரத்துல எதைச் சொல்லி நிறுத்த? நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க இல்ல."

ரோலண்ட் ரேலீனைப் பார்த்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அவன் வேண்டாம் என்றிருப்பான். அவளுக்கு அப்போது கெல்வினின் பதினொரு வயது முகம்தான் தெரிந்தது. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து, புது வெள்ளையடித்த அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த முகம்.

"ஒரே ஒரு வாரந்தானே, ரோலி" என்றாள்.

ரோலண்ட் தட்டைத் தள்ளி வைத்தான். அப்புறம், மணிக்கொரு தரம் நிறுத்தித் தொட்டுப் பார்ப்பேன், கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அங்கேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்துவிடுவேன் என்றான். அது போதும் என்றான் கெல்வின். போகும்போது அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ரோலண்டின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை இருபத்திரண்டு கட்டத்திலும் டிக். செவ்வாயும் அப்படியே. ப்ரான்வின் கூட, "என்ன ரோலண்ட், இந்த வாரம் வண்டி புத்தம் புதுசாயிடுச்சா?" என்று கேட்டிருக்கிறாள். சொன்னபடி அவன் மணிக்கொரு தரம் நிறுத்தினான். இரண்டு நாளும் அந்த ஹப் சுட்டது. ஆனால் கை வைக்க முடிந்தது.

புதன்கிழமை வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. அந்த வெயிலில் தார் ரோடு இளகும், கதவுக் கைப்பிடி தொட்டால் தோல் உரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் நிறுத்தி இறங்கித் தொட்டபோது எல்லா ஹப்பும் ஒரே சூடு. இடது, வலது, முன், பின் எதிலும் கை வைக்க முடியவில்லை. முப்பது வருஷமாக அவனை ஏமாற்றாத புறங்கை அன்றைக்கு எதையும் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் ட்ரெய்லர் நிழலில் உட்கார்ந்து யோசித்தான். கோதுமை கொட்டும் சைலோவுக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். ஏறி ஓட்டினான்.

பதினோராவது கிலோமீட்டரில் பேரிங் சிதறி, கடைசி அச்சின் வலது பக்க இரட்டைச் சக்கரம் கழன்றது. அதில் ஒன்று சாலையோர உப்புச் செடிகளுக்குள் போய்ச் சாய்ந்தது. இன்னொன்று நடுக்கோட்டைத் தாண்டித் துள்ளி, எதிரே வந்த வெள்ளைக் கார் மேல் விழுந்தது. காரில் வந்தவள் அனெட் ஃபோகார்ட்டி. சுற்று வட்டாரத்துக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். உயிர் பிழைத்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை ரோலண்ட் அவள் முகத்தின் மேல் தன் தொப்பியை நிழலாகப் பிடித்துக்கொண்டு ரோட்டில் மண்டியிட்டிருந்தான். முட்டி இரண்டும் வெந்துவிட்டது.

மறுநாள் யார்டுக்கு ஆடிட்டர் வரவில்லை. கனரக வண்டி இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மரேயின் அறையில் ரோலண்டை உட்காரவைத்து அந்த மூன்று நாள் தாள்களையும் மேஜையில் பரப்பினார்கள். லோடு ஏற்றுகிறவனிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்று ப்ரான்வின் எழுதி மாட்டிய போர்டு அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கியது.

"ஹப்ல ஏதாவது தெரிஞ்சுதா உனக்கு?" என்று மரே கேட்டான்.

"தெரிஞ்சுது. சொன்னேன்."

"இதுல டிக்தானே இருக்கு."

"வாயால சொன்னேன். கெல்கிட்ட."

கெல்வினைக் கூப்பிட்டார்கள். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி வந்து நின்றான். ரோலண்ட் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல" என்றான். சொல்லிவிட்டு, "ரோலி எப்பவும் ஷீட்லதான் எழுதுவான், எல்லாருக்கும் தெரியும்" என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டான். அது உண்மைதான். யார்டில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பென்சில் கெர்லாக் கோளாறு கண்டால் எழுதாமல் இருப்பானா? முப்பது வருஷத்து ஒழுங்கு அந்த ஒரே வாக்கியத்தில் அவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரேலீனிடம் அவன் இதைச் சொன்னபோது சத்தம் போடவில்லை. ஈரப் படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து உதறிக்கொடுத்தான்.

"லைசென்ஸ் போனாப் போவட்டும். ஓட்டினவன் நான். அந்தம்மா படுத்திருக்கறது என்னாலதான். ஆனா நான் யார்கிட்டயும் சொல்லாம மறைச்சு ஓட்டினேன்னு எழுதிடக் கூடாது ரே. சொன்னேங்கறது எங்கயாவது எழுதியிருக்கணும்."

அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வழக்கு முடிகிறவரை அவன் வேறெதையும் கேட்கவில்லை. இரண்டு தரம் வெள்ளிக்கிழமையில் பூ வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸம்மாவைப் பார்த்தான். அவனுடைய வக்கீல் போகாதே என்றதும் நிறுத்திக்கொண்டான். அதே வக்கீல் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அந்தக் குட்டி நோட்டை யாரும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும், கேட்காதவரை அது வீட்டிலேயே கிடக்கட்டும், அதைப் பற்றி ஒருவரிடமும் பேசாதே. ரோலண்ட் பேசவில்லை. பேசாதே என்றார் அல்லவா, ரேலீனிடமும் பேசவில்லை.

இன்ஸ்பெக்டர்கள் ரேலீனிடம் வாக்குமூலம் வாங்க ஒரு தேதி குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேஜையில் நடந்ததை அவள் சொல்ல வேண்டும். சொல்வதில் அவளுக்குத் தயக்கம் இல்லை. சொன்னால் தம்பிக்கு வேலை போகும், ஒருவேளை வழக்கும் வரும். அதற்கு முன்னால் அவனே வாயைத் திறந்துவிட்டால் அவனுக்கும் கௌரவம், தனக்கும் பாரம் இல்லை என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு சாயங்காலம், சர்க்கரைத் தூள் போட்ட ஸ்ட்ரூசல் கேக் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கெல்வின் வீட்டுக்குப் போனாள்.

கெல்வின் கார் கொட்டகையில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் அழுதான். அது நிஜமான அழுகைதான் என்று ரேலீன் இன்றைக்கும் சொல்வாள். தான் ஒரு கோழை என்றான், தூக்கம் இல்லை என்றான், வீட்டுக் கடனைச் சொன்னான். நானே போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒரு வாரம் கொடு, ஜோடியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றான். ரேலீனுக்கு நெஞ்சு லேசானது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"ரோலி எங்கயாவது எழுதி வச்சிருக்கானா?" என்று அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "எழுதி வச்சிருந்தா எனக்கும் சொல்றதுக்குத் தைரியமா இருக்கும்."

"அவன் எழுதாம இருப்பானா? அந்தக் குட்டி நோட்டுல எல்லாம் இருக்கு. தேதி போட்டு இருக்கு. ஃப்ரிட்ஜ் மேல பிஸ்கட் டின்லதான் கிடக்குது."

கெல்வின் தலையாட்டினான். கேக் நன்றாக இருக்கிறது என்றான். ஒரு துண்டைத் தின்றும் முடித்தான்.

மூன்றாம் நாள் காலை இன்ஸ்பெக்டர்கள் கோர்ட் உத்தரவோடு வந்தார்கள். வந்தவர்கள் அலமாரியைத் திறக்கவில்லை, லாரிப் பையைக் கேட்கவில்லை. நேரே சமையற்கட்டுக்கு வந்து, ஃப்ரிட்ஜுக்கு மேலே கைவிட்டு டின்னை எடுத்தார்கள். ரோலண்ட் கையில் டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தான். டின்னைப் பார்த்தான். பிறகு ரேலீனைப் பார்த்தான். அவள் முகம் போன போக்கிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நோட்டில் மூன்று வரிகள்தான் இருந்தன. சனி: பின் ட்ரெய்லர், கடைசி வலது ஹப், சூடு. திங்கள்: அதுவே, சூடு. செவ்வாய்: அதுவே, சூடு. கெல்வின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. தாளில் எழுதமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தானே, தன் சொந்த நோட்டில் கூட அந்த வாக்கை மீறவில்லை. கெல்வின் ஒர்க்ஷாப்பில் அந்த நோட்டை எத்தனையோ தரம் எட்டிப் பார்த்தவன், அதில் ரோலண்ட் என்ன எழுதுவான், எதை எழுதமாட்டான் என்று தெரிந்தவன். அவனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அது எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். தெரிந்ததும் இன்ஸ்பெக்டர்களிடம் சொல்லிவிட்டான்.

மார்ச் மாதம் போர்ட் பிரி கோர்ட்டில் ரோலண்ட் மேல் வழக்கு வந்தது. கெல்வின் புதுச் சட்டை போட்டிருந்தான், கம்பெனி வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ரேலீன் கூண்டில் ஏறி ஞாயிற்றுக்கிழமை பேச்சை வரி தவறாமல் சொன்னாள். தான் சொன்ன 'ஒரே ஒரு வாரந்தானே' என்பதையும் விடவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். நீங்கள் அவருக்கு மனைவிதானே அம்மா என்றார். ஆமாம், இவனுக்கு அக்காவும்தான் என்றாள். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். கெல்வின் முறை வந்தபோது, அன்றைக்குப் பேசியது தன் சொந்தக் காரின் பேரிங் பற்றி, அக்கா வயசில் குழப்பிக்கொண்டாள் என்றான். அவளுக்கு ஐம்பது வயது. ஜோடி வெளியே தண்ணீர்க் குழாய் அருகில் இருந்தேன், எதுவும் காதில் விழவில்லை என்றாள். அவள் சொன்னது நிஜம்.

நீதிபதி ஒரு பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, இந்த மனிதர் மெக்கானிக்கிடம் சொன்னாரா இல்லையா என்பதில் நான் தீர்மானம் எதுவும் செய்யப்போவதில்லை என்று ஆரம்பித்தாள். சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஹப் சூடாக இருப்பது அவருக்குத் தெரியும். அவர் கைப்பட எழுதிய நோட்டே சாட்சி. தெரிந்தே மூன்று நாள் எல்லாம் சரி என்று டிக் போட்டு வண்டியை எடுத்திருக்கிறார். இந்த வழக்குக்கு அது போதும் என்றாள். அபராதம், மூன்று வருஷம் கனரக லைசென்ஸ் கிடையாது. கம்பெனிக்குத் தாள்கள் ஒழுங்காக இருந்ததால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று.

அவனுக்கு வேண்டியிருந்த ஒரு வரியை யாரும் எழுதவில்லை.

கோர்ட்டிலிருந்து வரும் வழியில் ரேலீன் பேக்கரியில் நிறுத்தி, கறி அடைத்துச் சுட்ட இரண்டு பாஸ்டியும் ஒரு ஐஸ் காபி டப்பாவும் வாங்கினாள். காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து, கடித்த பாஸ்டியைக் காகிதத்திலேயே மடித்து வைத்துவிட்டு, காரின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினான்.

"கெல் பொய் சொல்லுவான்னு எனக்கு அன்னிக்கு யார்டுலயே தெரிஞ்சுபோச்சு. பயந்தவன், வேற என்ன செய்வான்."

ரேலீன் ஐஸ் காபி டப்பாவைத் திறந்து அவன் பக்கம் நீட்டினாள்.

"நீ எங்கிட்ட கேக்காம அவன்கிட்ட போவேன்னுதான் எனக்குத் தெரியல."

"அவனைக் காப்பாத்தப் போகல ரோலி. உனக்காகத்தான் போனேன்."

"ரெண்டு பேருக்காகவும் போன" என்றான். "எனக்கு மட்டும்னு நீ போயிருந்தா அந்த நோட்டு அங்கயே இருந்திருக்கும்."

அவள் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். 

அதற்கப்புறம் நாலு மாதம் ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை இல்லை. அவன் விறகு வெட்டினான், கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தான், அவள் சமைத்ததைச் சாப்பிட்டான், நன்றி சொன்னான். நன்றி சொல்வதுதான் அவளைக் கொன்றது. முன்பெல்லாம் அவன் சொன்னதில்லை. ஊரில் பழைய லாரிக்காரர்கள் பார்த்தால் கையைக் காட்டிவிட்டு அவசரமாகப் போனார்கள். வாயால் எழுதிய கதை அவர்கள் எல்லோருடைய கதையும்தான். அவனிடம் நின்று பேச அவர்களால் முடியவில்லை. லாண்ட்ரிகன் யார்டில் அந்த வழக்குக்குப் பிறகு ஒரு மாதம் எல்லோரும் தாளில் பெருக்கல் குறி போட்டார்களாம். ஏப்ரல் முடிவதற்குள் பழையபடி வாயால் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கெல்வின் இப்போது அங்கே ஒர்க்ஷாப் மேனேஜர். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான். ரேலீன் அதைப் பிரிப்பதில்லை, எரிப்பதும் இல்லை.

ஜூலையில் ஒருநாள் ரோலண்ட் இரண்டு பைகளைக் காரில் வைத்தான். எங்கே என்று அவள் கேட்டாள். மார்லீன் வீட்டுக்கு, கொஞ்ச நாள் என்றான். மார்லீன் அவன் தங்கை, லாக்ஸ்டனில் வாழ்க்கைப்பட்டவள். போகும்போது ரேலீனின் கார் டயர் நாலையும் காற்று பார்த்து, பின் இடது டயரில் ஆணி ஏறியிருக்கிறது, வண்டியை எடுக்காதே என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங்கில் சொருகிவிட்டுத்தான் போனான்.

மூன்று வருஷத் தடை முடிந்து லைசென்ஸ் திரும்ப வந்தது. அவன் லாரி ஏறவில்லை. அனெட் ஃபோகார்ட்டி கைத்தடியோடு நடக்கிறாள், மறுபடி வேலைக்கும் போகிறாள். போன வருஷம் ரேலீனைக் கடையில் பார்த்துவிட்டு அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள்.

ரோலண்ட் கெர்லாக் லாக்ஸ்டனில் இருக்கிறான். தங்கை வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் கேரவானில் தங்கிக்கொண்டு, ஆரஞ்சு பேக்கிங் கொட்டகையில் பெட்டி அடுக்குகிறான்.